கிழங்கோடு எடுத்த கொடி

1. திரும்பி வந்த பேப்பர்

பேப்பர் திரும்பி வந்த அன்று எனக்குத் தேர்வு ஹால் ட்யூட்டி. நாற்பது பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு அடியில் செல்போனை வைத்து மெயிலைத் திறந்தேன். ஆய்விதழின் எடிட்டர் எழுதியிருந்தார். மரியாதையாக நாலு வரி, ஐந்தாவது வரியில் விஷயம்.

'ஆண் கொடி மட்டுமே விவரிக்கப்பட்டுள்ளது. பெண் பூ, காய், விதை இல்லாமல் இதைப் புதிய இனமாக ஏற்க இயலவில்லை. தெரிந்த இனம் ஒன்றின் ஆண் வடிவமாகவே இது இருக்கக்கூடும்.'

யாரோ கூடுதல் தாள் கேட்டுக் கையைத் தூக்கினார்கள். கொடுத்துவிட்டு வந்து மறுபடியும் படித்தேன். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் வலித்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வள்ளிக்கிழங்கு வகைகளில் ஆண் பூ ஒரு கொடியில் இருக்கும், பெண் பூ வேறொரு கொடியில். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் முளைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பெண் கொடியில்தான் காய் வரும், மூன்று றெக்கை வைத்த காய். அந்தக் காயையும், விதையைச் சுற்றி இருக்கும் மெல்லிய சவ்வையும் வைத்துத்தான் இது இன்ன இனம் என்று அடித்துச் சொல்ல முடியும். ஆண் கொடியை மட்டும் காட்டிப் புது இனம் என்பது, ஒருவரின் முதுகைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு ஆளை அடையாளம் சொல்வது மாதிரி.

எனக்கு அந்தக் கொடிக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. பெயர் இல்லாத செடி எந்தப் பட்டியலிலும் ஏறாது. பட்டியலில் இல்லாததை வெட்டினாலும் கொளுத்தினாலும் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. பூமியில் அது இருந்ததற்கே சாட்சி இல்லாமல் போய்விடும். அப்போதைக்கு அதன் ஒரே சாட்சி நான்தான். கீரனூரில் மாடி அறை ஒன்றில் வாடகைக்கு இருக்கும், தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் ஒரு ஆள்.

2. ஓடை

கொடியை முதலில் பார்த்தது அதற்கு முந்தைய ஐப்பசியில். பொன்னமராவதிக்கு மேற்கே ஒரு மலை. அதன் பெயரைக் கட்டுரையில் எழுதவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. அபூர்வமான செடி என்று தெரிந்தால் சாக்குப்பையோடு வந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கீழே இருந்து பார்த்தால் வெறும் பாறை. வெயிலில் காய்ந்து கிடக்கும் ஒரு யானை முதுகு. ஆனால் இரண்டு பாறைச் சரிவுகளுக்கு நடுவே ஒரு ஓடை இறங்குகிறது. அந்த ஓடைக்குள் நுழைந்தால் காடு. உசிலையும் வெப்பாலையும் தலைக்கு மேல் கை கோத்து நிற்கும், பச்சை இருட்டு. மழை பெய்த மறுநாள் அங்கே நடந்தால் மண், இலை, பாறை எல்லாம் சேர்ந்து மூச்சு விடுவது கேட்கும். நானாக நினைத்துக்கொள்வதாகவும் இருக்கலாம். தனியாக நடக்கிறவனுக்குக் காது கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும்.

ஒரு கொடி என் முகத்தில் உரசியது. சாதாரணக் காட்டு வள்ளி என்று விலக்கப் போனவன் நின்றேன். காட்டு வள்ளி வலமாகச் சுற்றி ஏறும். இது இடமாகச் சுற்றியது. தண்டில் பூனை முடி மாதிரிச் செம்பட்டை ரோமம். இலைக்கக்கத்தில் சுண்டைக்காய் அளவில் குட்டிக் கிழங்குகள். பல்பில் என்போம், மண்ணில் விழுந்தால் அப்படியே முளைத்துக்கொள்ளும். பூச்சரங்கள் கீழ்நோக்கித் தொங்கின. ஒவ்வொரு பூவும் கடுகில் பாதி. லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஆறு மகரந்தத் தாள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தது, மற்ற மூன்றும் வெறும் குச்சி. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"யாரு, ஃபாரஸ்ட் ஆபீசரா?"

பின்னால் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். கையில் தொரட்டி. சுற்றிலும் ஆடுகள்.

"இல்லம்மா. காலேஜ் வாத்தியார்."

"வாத்தியாருக்கு இங்கிட்டு என்ன சார் வேலை? பிள்ளைக யாரும் இல்லையே, ஆடுதான நிக்குது."

பெயர் பெரியநாயகி என்றார். கொடியைக் காட்டிக் கேட்டேன்.

"இதா? இது சும்மா கொடி சார். கெழங்கு கசக்கும், திங்க ஆகாது. ஆடு கூட மோந்து பாத்துட்டுப் போயிரும்."

சும்மா கொடி. அதுவரைக்கும் அதற்கு இருந்த ஒரே பெயர் அதுதான்.

3. பெண் பார்த்த படலம்

பேப்பர் திரும்பிய பிறகு மூன்று சீசன் தேடினேன். வள்ளிக்குக் காலம் உண்டு. ஆவணியில் மண்ணைக் கிழித்துக்கொண்டு வரும், ஐப்பசியில் பூக்கும், தையில் காய், மாசிக்கு மேல் கொடி காய்ந்து மறைந்துவிடும். மிச்ச நாளெல்லாம் அது மண்ணுக்குள் தூங்குகிறது, நான் மண்ணுக்கு மேலே காத்திருக்கிறேன். வனத்துறையில் அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் கீரனூரில் பஸ் ஏறி, புதுக்கோட்டையில் மாறி, பொன்னமராவதியில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ். மலையடிவாரத்தில் பெரியநாயகி ஆடுகளோடு நிற்பார். அவருக்கு எப்படியும் மலையைச் சுற்றித்தான் பிழைப்பு. எனக்காகக் கண்ணை மேலே தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார்.

கண்ட ஒவ்வொரு கொடியிலும் அலுமினியத் தகட்டில் எண் பொறித்துக் கட்டினேன். ஒன்று ஆண். இரண்டு ஆண். ஏழு ஆண். பக்கத்துக் குன்றுகளையும் விடவில்லை, அங்கே இந்தக் கொடியே இல்லை. மறுபடி ஓடைக்கே வந்தோம். பதினொன்று ஆண்.

"மாப்பிள்ளை வீடு மட்டும் வந்து எறங்கியிருக்கு போல சார்," என்றார் பெரியநாயகி. "பொண்ணு வீட்டைக் காணோம்."

"இருக்கும்மா. எங்கயாச்சும் இருக்கும்."

"ஒங்களுக்கு வீட்டுல யாரு சார்?"

"யாருமில்லம்மா. தனிதான்."

"அது சரி. ஒங்களுக்குப் பாக்காம கொடிக்குப் பாத்துக்கிட்டு அலையிறீங்க." ஒரு ஆட்டை அதட்டிவிட்டுத் தொடர்ந்தார். "எங்க வீட்டுக்காரரும் குவைத்துல தனியாத்தான் கெடக்காரு. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா பூக்குற ஆளு."

அவரே சிரித்தார். கொஞ்சம் கழித்து நானும்.

ஞாயிறு சாயங்காலம் அறைக்கு வந்தால் செடிகளை அழுத்தி உலர்த்தும் பிரஸ்ஸில் இருக்கும் மாதிரிகளுக்குப் பேப்பர் மாற்ற வேண்டும். அழுத்தி வைத்த செடியின் ஈரத்தைப் பழைய செய்தித்தாள் குடிக்கும், தினமும் உலர்ந்த தாள் மாற்றினால்தான் பூஞ்சை பிடிக்காது. வாரம் முழுக்க நான் தொட்ட உயிருள்ள பொருள் அதுதான் என்று சில நாள் தோன்றும். அதுவும் செத்துக்கொண்டிருந்தது.

4. நஸ்ரின் சொன்னது

நஸ்ரின் என்னிடம் பட்டப்படிப்பு படித்தவள். இப்போது பெங்களூரில் ஒரு லேபில் செடிகளின் டி.என்.ஏ. பார்க்கிறாள். பேப்பரில் என்னோடு இரண்டாவது ஆசிரியர். பதினோரு கொடியிலிருந்தும் இலைத்துண்டு எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட்டு அவளுக்கு அனுப்பியிருந்தேன். ஒரு மதியம், லேப் மணி முடிந்து மைக்ரோஸ்கோப்புகளை மூடிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

"சார், சாம்பிள் எல்லாம் கரெக்டாத்தான் எடுத்தீங்களா? ஒரே கொடியில பதினோரு எலை பறிச்சிரலையே?"

"ஏன்மா, எனக்கு அது கூடவா தெரியாது?"

"கோவிச்சுக்காதீங்க. ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டேன். பதினொண்ணும் ஒண்ணுதான் சார். அந்த ஓடை முழுக்க ஒரே ஆள்."

புரிந்தது. எப்போதோ ஓடையின் மேற்பக்கம் ஒரு ஆண் கொடி. அதன் பல்பில்கள் மழைத்தண்ணீரில் உருண்டு, இறங்கி, நின்ற இடத்தில் முளைத்திருக்கின்றன. நான் எண் கட்டியது பதினோரு கொடிக்கு அல்ல. ஒரே கொடிக்குப் பதினோரு எண்.

"அப்ப ஒலகத்துலயே இது ஒண்ணுதானா சார்?"

"தெரியலம்மா. ஆனா இதுக்கு ஒரு அம்மா இருந்திருக்கும்ல. மொத மொத விதையிலருந்துதான வந்திருக்கும்."

"அது எந்தக் காலத்துலயோ."

போனை வைத்துவிட்டு மிச்ச மைக்ரோஸ்கோப்புகளையும் மூடினேன். ஒரு ஓடை நிறையப் பூக்கிறது. லட்சக்கணக்கான மகரந்தத்தை வருடா வருடம் காற்றில் விடுகிறது. வாங்கிக்கொள்ள யாருமில்லை.

5. என் அலமாரி

இங்கேதான் என் தப்பைச் சொல்ல வேண்டும்.

புது இனம் என்று எழுதுவதற்கு முன் உலர்ந்த செடிகளைச் சேமித்து வைக்கும் ஹெர்பேரியங்களை எல்லாம் பார்க்க வேண்டும். இது எங்கள் தொழிலின் முதல் பாடம். நானும் பார்த்தேன். லீவு போட்டு ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். செடி ஒட்டிய வெளிநாட்டு ஷீட்டுகளைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று, எங்கள் டிபார்ட்மென்ட்டில் என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் இரும்பு அலமாரி. அதில் உள்ளவற்றுக்கெல்லாம் பெயர் வைத்து ஒட்டியவன் நானே. எனக்குத் தெரியாதது அதில் என்ன இருந்துவிடப் போகிறது?

கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருகிறது, ஷீட்டுகளைக் கணக்கெடுங்கள் என்றார் பிரின்சிபால். அடுக்கடுக்காக எடுத்துத் தூசி தட்டினேன். வள்ளிக் குடும்பத்தின் உறையைத் திறந்தேன். மூன்றாவது ஷீட்.

செம்பட்டை ரோமம். ஒரு சுள்ளியைச் சுற்றியபடியே அழுத்தப்பட்ட தண்டு, இடச்சுற்று. கொத்துக் கொத்தாக மூன்று றெக்கைக் காய்கள். பல்பில் ஒன்று கூட இல்லை, இருந்த தெம்பையெல்லாம் காய்க்கே கொடுத்திருந்தது. கீழே, நீளவாக்கில் பிளந்து உலர்த்திய கிழங்கு, நூலால் தைத்திருந்தது.

லேபிளில் என் கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடத்துத் தேதி. பெயர், சாதாரணக் காட்டு வள்ளி. இடம், அதே மலை, 'ஓடைத் தலைப்பு, இரட்டைப் பாறை இடுக்கு'. கடைசி வரி: 'ஒரே கொடிதான் காணப்பட்டது. கிழங்கோடு முழுதாக எடுக்கப்பட்டது.'

பிள்ளைகளைக் கூட்டிப்போன ஃபீல்ட் ட்ரிப். அந்த நாள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கடப்பாரை வைத்திருந்தோம். "கிழங்கோட எடுங்கப்பா, கிழங்கு இல்லாட்டி அது ஸ்பெசிமனே இல்ல" என்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் தோண்டி, ஒரு வேர் அறுபடாமல் வெளியே எடுத்தபோது கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஷீட்டோடு ஒட்டியிருந்த சின்னக் காகித உறையில் உதிர்ந்த விதைகள் இருந்தன. எட்டு. ஈரத்துணியில் வைத்தேன், மணலில் போட்டேன். முளைக்காது என்று தெரிந்தே செய்தேன். பூச்சி அரிக்காமல் இருக்க ஒவ்வொரு மாதிரியையும் மெர்க்குரிக் குளோரைடு கரைத்த ஸ்பிரிட்டில் முக்கித்தான் ஒட்டுவோம். அதற்கு எங்கள் பேச்சில் பாய்சன் பண்ணுவது என்று பெயர். விதைக்கும் அது பாய்சன்தான்.

இலைத்துண்டு ஒன்றை நஸ்ரினுக்கு அனுப்பினேன். ஆறு வாரம் கழித்துப் பேசினாள்.

"அதே இனம் சார். வேற ஆள். பொண்ணு கெடைச்சிருச்சு." அவள் குரலில் சந்தோஷம். "எங்க சார் பிடிச்சீங்க?"

"அலமாரியில."

மெதுவாகக் கேட்டாள். "யாரு கலெக்ட் பண்ணது? லேபிள்ல என்ன போட்டிருக்கு?"

சொன்னேன்.

"சரி சார். பேப்பருக்குப் பெண் ஸ்பெசிமன் கெடைச்சிருச்சு, அது போதும். பழைய கலெக்‌ஷன்லருந்து கெடைச்சதுன்னு ஒரு வரி போடுவோம். முழுசா எடுத்ததெல்லாம் எதுக்கு? யாரு கேக்கப்போறா?"

6. ஈரப் பஞ்சு

ஷீட்டில் லேபிளை மைதாப் பசையில்தான் ஒட்டுவோம். ஈரப் பஞ்சைப் பத்து நிமிஷம் வைத்தால் காகிதம் சேதமில்லாமல் கழன்றுவரும். இதைப் பல தடவை செய்திருக்கிறேன், கிழிந்துபோன ஷீட்டை மாற்றும்போது. ஆனால் பழைய லேபிளை எறிந்ததில்லை. தப்பாக எழுதியிருந்தாலும் அடிக்கக்கூடாது, திருத்தக்கூடாது, எடுக்கக்கூடாது. சரியான பெயரைத் தனிச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். தப்பும் திருத்தமும் ஒரே தாளில் கிடக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம்.

மதியம் மூன்று மணி. டிபார்ட்மென்ட்டில் யாருமில்லை. பஞ்சை நனைத்து லேபிள் மேல் வைத்தேன்.

பழைய பேப்பர் ஒன்றை அதே அளவில் வெட்டி வைத்திருந்தேன். கடைசி வரி மட்டும் இல்லாமல் எழுதினால் போதும். பழைய பேனா கூட இருந்தது. ஓரம் மெல்ல எழும்பியது. நகத்தை உள்ளே விட்டேன்.

எழும்பிய ஓரத்தில் இருந்தது இடத்தைக் குறித்த வரி. ஓடைத் தலைப்பு, இரட்டைப் பாறை இடுக்கு. மூன்று சீசனாக ஓடையில் நடந்தும் அந்த இடுக்கு எங்கே என்று எனக்கு நினைவில்லை. அங்கே நின்றது எனக்குத் தெரியாது, லேபிளுக்குத் தெரியும். பஞ்சை எடுத்துவிட்டேன். எழும்பிய ஓரம் அப்படியே காய்ந்தது.

7. தலை

அடுத்த ஞாயிறு பெரியநாயகியிடம் லேபிளின் போட்டோவைக் காட்டி இடத்தைச் சொன்னேன். இரட்டைப் பாறை அவருக்குத் தெரிந்திருந்தது. ஓடையை விட்டு விலகி, உடைமர முள்ளுக்குள் ஏற வேண்டும். ஏறினோம். இரண்டு பாறைக்கு நடுவே முழங்கால் அளவு பள்ளம். அதில் சருகு நிறைந்திருந்தது. சருகை விலக்கினேன். மண். அதற்கும் கீழே மண்.

அங்கே வைத்துத்தான் சொன்னேன், எல்லாவற்றையும்.

தொரட்டியைப் பாறையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"அப்ப நீங்க தோண்டி எடுத்ததைத்தான் நான் மூணு வருசமா மேல பாத்துக்கிட்டே திரிஞ்சனா? கழுத்து சுளுக்குனதுதான் மிச்சம்."

"ஆமாம்மா."

"தலையவாச்சும் போட்டீங்களா?"

"எந்தத் தலை?"

"என்ன சார், படிச்சவுக இப்படிக் கேக்குறீங்க? கெழங்குத் தலை. திங்கிற கெழங்கு தோண்டப் போனா, கொடி கெளம்புற எடத்துல ஒரு சாண் முறிச்சுக் குழியிலயே போட்டு மண்ணைத் தள்ளிட்டுத்தான் எந்திரிப்போம். அடுத்த ஆவணிக்கு அது வந்துரும். சின்னப் பிள்ளை கூட செய்யும்."

பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போடல," என்றேன். "அதுவும் ஷீட்ல இருக்கு."

ஆடு ஒன்று கீழே கத்தியது. அவர் எழுந்து புடவையில் ஒட்டிய முள்ளை எடுத்தார்.

"எழுதுறீங்கள்ல, அதுல இதையும் எழுதிப்போடுங்க சார். இல்லைன்னா நாளைக்கு வேற ஒரு வாத்தியார் வருவாரு, கடப்பாரையோட."

போகும்போது கேட்டேன், கொடிக்கு உங்கள் பெயரை வைக்கட்டுமா என்று. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"வேண்டாம் சார். நான் இன்னும் உயிரோடதான இருக்கேன்."

8. சிவப்பு உறை

பேப்பர் வெளிவந்துவிட்டது. கொடிக்குத் தனித்தது என்று பொருள்படும் லத்தீன் பெயர். பெண் கொடியைப் பற்றிய பத்தியில் இப்படி இருக்கிறது: 'ஒரே ஒரு மாதிரியிலிருந்து மட்டும் அறியப்படுகிறது. முதல் ஆசிரியரால் கிழங்கோடு முழுதாகத் தோண்டி எடுக்கப்பட்டது. அதன் பின் எங்கும் காணப்படவில்லை.' நஸ்ரின் இரண்டு தடவை கேட்டாள், இது வேணுமா சார் என்று. மூன்றாவது தடவை கேட்கவில்லை. எடிட்டர் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை, ஒரு காற்புள்ளியை மட்டும் மாற்றினார்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். உங்கள் கையெழுத்து இருக்கிறது என்பதற்காக ஒரு ஷீட்டைப் பார்க்காமல் விடாதீர்கள். கிழங்கு வேண்டுமென்றால் நுனியில் ஒரு துண்டு போதும், மிச்சத்தைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே செடிதான் கண்ணில் படுகிறது என்றால் கடப்பாரையைக் கீழே வையுங்கள். அந்த வரியை லேபிளில் பெருமையாக எழுதினேன். அது பெருமைக்குரிய வரி இல்லை என்று தெரிய எனக்குப் பதினேழு வருடம் ஆனது.

ஒரு பெயருக்கு ஆதாரமாக நிற்கும் ஒரே மாதிரிக்கு ஹோலோடைப் என்று பெயர். அதைச் சிவப்பு உறையில் வைப்பார்கள். ஆண் கொடியில் நல்ல ஷீட்டுகள் நிறைய இருந்தன. நான் பெண் ஷீட்டைத்தான் ஹோலோடைப்பாகக் குறித்தேன். எழும்பியிருந்த லேபிள் ஓரத்தைப் பசை தொட்டு அழுத்தினேன். அதன் கீழே புதுப் பெயரை எழுதிய சீட்டை ஒட்டினேன். இரண்டிலும் ஒரே ஆளின் கையெழுத்து. பழையது அழகாக இருந்தது, அவசரமில்லாத, சந்தேகமில்லாத எழுத்து.

பிறகு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, பெரிய ஹெர்பேரியத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ரசீது போட்ட பெண்மணி ஷீட்டைத் திருப்பி ஒரு நிமிஷம் பார்த்தார். "அழகான கலெக்‌ஷன் சார். கம்ப்ளீட்டா இருக்கு" என்றார். பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

நாளைக்கு யாராவது அந்தச் சிவப்பு உறையைத் திறப்பார்கள். முதலில் காயைப் பார்ப்பார்கள். பிறகு இரண்டு சீட்டுகளையும் படிப்பார்கள். விவரம் தெரிந்த ஆளாக இருந்தால் குனிந்து கிழங்கின் மேல் முனையைத் தேடுவார்கள், தலை இருக்கிறதா என்று.

இருக்கிறது.